தமிழகக் கடற்கரையின் அரிய மெல்லுடலிகளும் அயல் மெல்லுடலிகளும்: பதிவுகளின் வரலாறு

முன்னுரை

சங்கு, சிப்பி, மட்டி, ஆழி, சோழி, நத்தை, கணவாய் ஆகிய அனைத்தும் மெல்லுடலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. முதுகெலும்பற்ற உயிரினங்களில் பூச்சிகளை உள்ளடக்கிய கணுக்காலிகளுக்கு அடுத்த பெரிய தொகுதி இதுவே. ஒரு மெல்லுடலி இதுவரை அறியப்படாத ஓர் இடத்தில் முதன்முறையாகக் காணப்பட்டு, முறையாக அடையாளம் காணப்பட்டு, நாளும் இடமும் குறித்து வெளியிடப்படுமானால் அதனைப் ‘புதிய பரவல் பதிவு’ என்பர். இத்தகைய பதிவுகள் தமிழகக் கடற்கரையில் எவ்வாறு தொடங்கின, யார் செய்தனர், இன்று எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வாழ்வாதாரத்தோடு அவை எவ்வாறு தொடர்புடையன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலில்லா ஊரும் கடலும்

இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டம் தியாகதுருகத்திலிருந்து எழுதப்படுகிறது. மலைக்கோட்டைக்குப் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்து கடலூர்க் கரையை அடைய ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கடல் மெல்லுடலிகளைப் பற்றி எழுத இவ்வூர்க்காரருக்கு என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். இரண்டு தொடர்புகள் உண்டு.

முதலாவது ஆறு. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுத்தாறு வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் வாழும் மட்டிகளுக்கும் சிப்பிகளுக்கும் வேண்டிய நன்னீரின் ஒரு பங்கு எங்கள் பகுதியிலிருந்து செல்வதே. மலையில் மழை குறைந்தாலும் மிகுந்தாலும் அங்கே நீரின் உப்புத்தன்மை மாறும். உப்புத்தன்மை மாறினால் அங்கு வாழும் உயிர்களும் மாறும்.

இரண்டாவது பழங்கடல். எங்களுக்குக் கிழக்கே உள்ள விருத்தாசலம் பகுதியிலும், தெற்கே அரியலூர்ப் பகுதியிலும், புதுச்சேரியை அடுத்தும் கிரிடேசியக் காலத்துக் கடற்படிவுப் பாறைகள் உள்ளன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கெல்லாம் கடல் இருந்தது. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள், சிப்பிகள், நத்தைகள் ஆகியவற்றின் புதைபடிவங்கள் அப்பாறைகளில் ஏராளம். 1840களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் தென்னிந்தியக் கிரிடேசிய உயிரினங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஆகவே, உயிருள்ள மெல்லுடலிகளுக்கு மட்டுமல்லாமல் கல்லாகிப்போன மெல்லுடலிகளுக்கும் தமிழகத்தில் நெடிய பதிவு வரலாறு உண்டு.

தொடக்ககாலப் பதிவுகள்

தமிழர் கடல் மெல்லுடலிகளை மிகப் பழங்காலம் முதலே அறிந்திருந்தனர். கொற்கை முத்து சங்க இலக்கியத்தில் போற்றப்படுகிறது. கொற்கை, அழகன்குளம், கீழடி போன்ற அகழாய்வு இடங்களில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள கொடுமணலிலும் சங்கு வேலைப்பாட்டின் சான்றுகள் கிடைத்துள்ளன. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுமணலில் சங்கு கிடைத்தது வணிகத்துக்குச் சான்று. சங்கு அங்கே வாழ்ந்ததற்குச் சான்று அன்று. ஓடு கிடைத்த இடமும் உயிர் வாழ்ந்த இடமும் வேறாக இருக்கலாம் என்பதே பரவல் ஆய்வின் முதல் பாடம்.

அறிவியல் முறையிலான பதிவுகள் 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து தொடங்கின எனலாம். 1620 முதல் டேனிஷ்காரர் வசமிருந்த அத்துறைமுகத்தில் மறைப்பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன், கடல் உயிரினங்களைத் திரட்டி ஐரோப்பிய இயற்கையியலாளர்களுக்கு அனுப்பிவந்தார். கத்தாளை வகை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பெயர் அமைந்தது அவர் நினைவாகவே. ‘தரங்கம்பாடி’ என்னும் ஊர்ப்பெயர் ஐரோப்பியச் சிப்பி நூல்களில் இடம்பெற்றதும் இக்காலத்தில்தான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அரசு அருங்காட்சியகம் இப்பணியின் மையமாயிற்று. 1885இல் அதன் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் கடல் உயிரினங்களைத் திரட்டினார். 1898இல் மெல்வில், ஸ்டாண்டன் என்னும் இருவர் சென்னைக் கடற்கரையின் மெல்லுடலிகளைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டனர்.

1902இல் இலங்கையின் முத்துக்குளிப்பு வீழ்ச்சியை ஆராய ஹெர்ட்மன் என்னும் பேராசிரியர் வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றினார். இவர் 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றியும், 1921இல் தென்னிந்தியாவின் பொதுவான மெல்லுடலிகளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். சங்கு குளிப்பவர்கள், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் அள்ளுபவர்கள் ஆகியோரின் தொழிலோடு சேர்த்தே உயிரினங்களை விவரித்தது இவரது சிறப்பு.

கிரேவ்லியும் சத்தியமூர்த்தியும்

அடுத்த இரு பெயர்களைத் தமிழக மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் கிடைக்கும் ஓடுகளையும் பிற உயிரின எச்சங்களையும் பட்டியலிட்டு 1941, 1942ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். அதே அருங்காட்சியகத்தின் எஸ். டி. சத்தியமூர்த்தி, மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் மெல்லுடலிகளை ஆராய்ந்து 1952, 1956ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகள் வெளியிட்டார். ஒவ்வோர் இனத்தின் வடிவம், நிறம், அளவு, காணப்படும் இடம் ஆகியவற்றைச் சத்தியமூர்த்தி விளக்கமாகக் கொடுத்துள்ளார்.

இப்பட்டியல்களின் மதிப்பு இப்போதுதான் முழுமையாகப் புரிகிறது. இன்று சென்னைக் கரையில் ஒரு புதிய சிப்பி கிடைத்தால், ‘இது முன்பே இங்கு இருந்ததா?’ என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தேட நாம் கிரேவ்லியிடம் செல்ல வேண்டும். பழைய பட்டியல் இல்லாத கரையில் எந்த உயிரும் புதியதாகத் தோன்றும்; அல்லது எந்த உயிரும் பழையதாகத் தோன்றும்.

இதனால் அறிவியலார் உயிரினங்களை மூன்றாகப் பிரிக்கின்றனர். ஓரிடத்தில் இயற்கையாகவே வாழ்பவை இயல் இனங்கள். மனிதரின் செயலால் வேறிடத்திலிருந்து வந்தவை அயல் இனங்கள். இவ்விரண்டில் எது என்று தீர்மானிக்க முடியாதவை மூலம் தெரியா இனங்கள். மூன்றாம் வகையின் எண்ணிக்கை ஒரு நாட்டில் கூடுதலாக இருந்தால், அங்கே பழைய பதிவுகள் குறைவு என்று பொருள்.

அரிய இனங்கள்

‘அரியது’ என்பதும் எளிதில் சொல்லிவிடக்கூடிய சொல் அன்று. வலம்புரிச் சங்கு தனி இனம் என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. டர்பினெல்லா பைரம் என்னும் அதே சங்கு இனத்தில், மிக அரிதாக எதிர்ப்புறம் சுழன்று வளரும் ஒன்றே வலம்புரி. இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. நாம் இடம்புரி என்று அழைக்கும் சாதாரணச் சங்கை விலங்கியலார் வலச்சுழி ஓடு என்பர். நம் வலம்புரியை இடச்சுழி ஓடு என்பர். ஓட்டை எந்தப் பக்கமாகப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடம் இது.

உண்மையிலேயே எண்ணிக்கையில் குறைந்துவரும் இனங்களைக் காக்க, 2001ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. கொம்புத் தலைச்சங்கு, டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ், பெருஞ்சிப்பி வகைகள், ஐவிரல் சங்கு வகைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அட்டவணைகளின் அமைப்பு மாறியுள்ளது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகள் இவற்றுள் பலவற்றுக்குப் புகலிடமாகும். சுற்றுலா சென்ற இடத்தில் கடையில் விற்கும் சங்கு அழகாக இருக்கிறது என்று வாங்கிவருவோர், அது சட்டத்தால் காக்கப்பட்ட இனமா என்று அறிந்துகொள்வது நல்லது.

அயல் மெல்லுடலிகள் வந்த வழி

இந்தியாவுக்கு வந்த அயல் மெல்லுடலிகளில் மக்கள் நன்கறிந்தது ஆப்பிரிக்கப் பெருநத்தை. இது கடலுயிரி அன்று, நிலத்து நத்தை. ஆயினும் பதிவு வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. சிப்பி ஆர்வலரான வில்லியம் பென்சன் 1847இல் மொரீசியசிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து பரவிய இந்த இனம் இன்று தென்னிந்தியாவின் பல மாவட்டங்களில் பயிர்களை அழிக்கிறது. வந்த ஆண்டும் கொண்டுவந்தவர் பெயரும் தெரிந்த அயல் இனங்கள் மிகச் சிலவே.

கடலுயிர்களுக்கு இவ்வாறு யாரும் பெட்டியில் கொண்டுவருவதில்லை. அவை கப்பலோடு வருகின்றன. வழிகள் இரண்டு. முதலாவது, கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வருதல். இரண்டாவது, பேலஸ்ட் நீர். சரக்கு இல்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் கடல்நீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்கிறது. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அந்நீரை வெளியேற்றுகிறது. சிப்பி, ஆழி ஆகியவற்றின் இளவுயிரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதப்பவை. ஏற்றிய நீரோடு அவையும் ஏறுகின்றன. வெளியேற்றும் நீரோடு இறங்குகின்றன.

இவ்வாறு வந்ததாகக் கருதப்படும் மைட்டிலாப்சிஸ் சாலி என்னும் சிறு இரட்டை ஓட்டுச் சிப்பி, 1967இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் 1970களில் மும்பைத் துறைமுகத்திலும் பதிவாயிற்று. இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பமண்டலக் கடற்பகுதி. இதே சிப்பி 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் காணப்பட்டது. சில மாதங்களுக்கு முன் நடந்த ஆய்வில் அது அங்கே இல்லை. உடனே படகுத்துறைகளின் மதகுகள் மூடப்பட்டு, குளோரினும் தாமிரக் கரைசலும் கலந்து அச்சிப்பி முற்றிலும் அழிக்கப்பட்டது. இதற்கு வழிசெய்தது பதிவுதான். முன்பு இல்லை என்பதற்கும் இப்போது வந்துவிட்டது என்பதற்கும் ஆவணம் இருந்ததால் தயக்கமின்றிச் செயல்பட முடிந்தது. திறந்த கழிமுகமாக இருந்திருந்தால் இது இயன்றிராது.

நம் ஊர் உயிர் அயல்நாட்டில்

அயல் இனம் என்றால் தீய இனம் என்று பொருள் கொள்ளக் கூடாது. எண்ணூரிலும் கல்பாக்கத்திலும் பாறைகளில் வளரும் பச்சை ஆழி நம் இயல் இனம், உணவுக்கும் உதவுவது. அதுவே 1990இல் டிரினிடாட் தீவிலும், 1999இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள டாம்பா விரிகுடாவிலும் அயல் இனமாகப் பதிவானது. டாம்பாவில் அது முதலில் காணப்பட்டது மின்நிலையத்தின் குளிர்நீர்ச் சுரங்கத்தில். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ச் சுரங்கத்திலும் பச்சை ஆழி அடைந்து தொல்லை தருவது பல ஆண்டுகளாக ஆராயப்பட்ட செய்தி. ஓர் உயிர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது செல்வமாகவோ சுமையாகவோ ஆகிறது.

காக்கா ஆழி

தமிழகத்தில் இன்று பெரிதும் பேசப்படும் அயல் மெல்லுடலி, மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்னும் ஆழி. எண்ணூர் மீனவர்கள் இதனைக் ‘காக்கா ஆழி’ என்கின்றனர். இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். 1986இல் ஃபுளோரிடாவிலும், 2010களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் காணப்பட்டது. 2019இல் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலிலிருந்தும் அஷ்டமுடிக் காயலிலிருந்தும் ஆய்வாளர்கள் பதிவுகளை வெளியிட்டனர். ஓட்டின் நிறம் பலவாறு வேறுபடுவதால் கண்ணால் மட்டும் பார்த்து இதனை உறுதிசெய்வது கடினம். எனவே மரபணு ஆய்வும் துணைக்கொள்ளப்பட்டது. அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பன்னாட்டு நிலைத்த மீன்வளச் சான்று பெற்றது என்பதை எண்ணினால், அங்கே இப்பதிவு ஏற்படுத்திய கவலை விளங்கும்.

எண்ணூர்–பழவேற்காடு நீர்நிலைகளில் இந்த ஆழி அடர்ந்த பாய்போல் தரையை மூடிவிட்டது. நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்வது இதன் இயல்பு. மிகக் குறைந்த உப்புத்தன்மையையும் மிகுந்த உப்புத்தன்மையையும் தாங்கும். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இருளர்கள் நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். இறால் பதுங்குவதற்கு மென்மையான சேறு வேண்டும். சேற்றின்மேல் ஓட்டுப் பாய் விரிந்துவிட்டால் இறால் தங்காது. தடவும் கையிலும் காலிலும் ஓடு கீறும். மஞ்சள் மட்டி, பச்சை ஆழி ஆகிய பழைய இனங்களுக்கும் இடம் குறைகிறது. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது காலவரிசை. இந்த ஆழி புதியது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் நாள்தோறும் அந்நீரில் இறங்குவோரே. அவர்களே அதற்குப் பெயரும் வைத்தனர். ஆனால் அவர்கள் கண்டது, கண்ட நாளிலேயே பதிவாகும் வழி இல்லை. அடையாளம் உறுதியாகி, அலுவலகங்கள் அசைந்து, அகற்றும் திட்டம் பேசப்படும்போது பாய் விரிந்துவிட்டது. டார்வினில் மாதக் கணக்கில் முடிந்தது எண்ணூரில் ஆண்டுக் கணக்காயிற்று. நிலவமைப்பும் வேறுதான், ஆயினும் பதிவின் தாமதத்துக்கு ஏழை மீனவர் தம் கூலியால் விலை கொடுத்தனர் என்பதை மறுக்க முடியாது.

பன்னாட்டு விதிகள்

பேலஸ்ட் நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி முதலில் கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில், ஆழ்கடலில் நீரை மாற்ற வேண்டும் என்றிருந்தது. பின்னர் நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்னும் கடுமையான அளவுகோல் வந்தது. வெளியேற்றும் ஒரு கனமீட்டர் நீரில் 50 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட உயிரிகள் 10க்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் ஒரு விதி. ஆனால் கப்பலின் அடியில் ஒட்டிவரும் உயிர்களுக்கு இவ்வுடன்படிக்கை பொருந்தாது.

பதிவு எவ்வாறு செய்வது

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியின் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையச் சிப்பிகள் இருந்தன. அவற்றுள் பாதி, கடற்கரைச் சுற்றுலாவில் மாணவர்களும் நானும் பொறுக்கியவை. மீதி, இராமேசுவரம் சென்றவர்கள் கடையில் வாங்கிவந்தவை. நான் எல்லாவற்றையும் கழுவி, அழகாக அடுக்கி, ‘மெல்லுடலிகள்’ என்று ஒரே சீட்டு ஒட்டினேன். எந்தக் கரை, எந்த நாள், உயிருடன் கிடைத்ததா, வெற்று ஓடா என்று ஒன்றுக்கும் குறிப்பு இல்லை. அப்பெட்டியில் ஓர் அரிய இனம் இருந்திருந்தாலும் இனி யாராலும் அதைப் பதிவாக்க முடியாது. பல ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இதனைப் பிந்தியே உணர்ந்தேன். மாணவர்கள் அத்தவற்றைச் செய்யாதிருக்கச் சில குறிப்புகள்:

1. கண்ட இடம், நாள், நேரம் ஆகியவற்றை அங்கேயே எழுதுக.
2. அருகில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்து, ஓட்டின் வெளிப்புறம், உட்புறம் இரண்டையும் படம் எடுக்க.
3. உயிருடன் இருந்ததா, வெற்று ஓடா என்று குறிக்க. வெற்று ஓடு அலையாலும் மனிதராலும் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம்.
4. பாறை, சேறு, மணல், படகின் அடிப்பகுதி, துறைமுகத் தூண் என எதன்மேல் இருந்தது என்று எழுதுக.
5. அப்பகுதி மீனவரிடம் அதன் பெயரையும், எப்போதிலிருந்து காண்கின்றனர் என்பதையும் கேட்டறிக.
6. உயிருள்ளவற்றைப் பிடுங்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தொட வேண்டாம்.
7. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் படத்தைப் பதிவேற்றுக. ஐயம் இருந்தால் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் அறிஞர்களை அணுகுக.

முடிவுரை

தரங்கம்பாடியிலிருந்து பெட்டிகளில் சிப்பி அனுப்பிய காலம் முதல் மரபணுவால் ஆழியை அடையாளம் காணும் காலம் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் இப்பணி நடந்துவருகிறது. கருவிகள் மாறின, இடமும் நாளும் குறிக்கும் பழக்கத்தின் தேவை மாறவில்லை. கிரேவ்லி 80 ஆண்டுகளுக்கு முன் பொறுமையாக எழுதிவைத்த பட்டியலே இன்று சென்னைக் கரையில் எது புதிது என்று நமக்குச் சொல்கிறது. இன்று கடலூரிலோ மரக்காணத்திலோ ஒரு மாணவர் எழுதிவைக்கும் நான்கு வரி, இன்னும் 80 ஆண்டுகள் கழித்து ஒரு கழிமுகத்தையும் அதை நம்பி வாழ்வோரையும் காக்கப் பயன்படலாம். கடலில்லா ஊரில் பிறந்த மாணவருக்கும் அப்பணியில் இடம் உண்டு. நம் ஆற்றுநீரும் அங்கேதான் சென்று சேர்கிறது.